பம்பிங் 28 சதவீதம், கொழுப்பும் எடையும் சேர்ந்து குறைகிறது: இது நல்லதா, கெட்டதா?

தங்கச்சிமடம்_மகள்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 63 வயது. நாற்பது வருடம் நாட்டுப்படகில் கடலுக்குப் போனவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் மாரடைப்பு வந்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். அன்றிலிருந்து பம்பிங், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு, குறைவுதான். கடைசியாக எடுத்த எக்கோ ஸ்கேனில் 28 சதவீதம். நீர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க ஒன்று, கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 40 என்று ஒரு டப்பா நிறைய மாத்திரைகள். ஒன்றைக்கூட அவர் தவறவிட்டதில்லை.

லிப்பிட் ரிப்போர்ட், அதாவது ரத்தக் கொழுப்பு ரிப்போர்ட், மூன்று கையில் இருக்கிறது. மாரடைப்புக்கு முன்னால் எடுத்ததில் மொத்தக் கொழுப்பு 214, கெட்ட கொழுப்பு என்கிற எல்.டி.எல். 140, நல்ல கொழுப்பு என்கிற எச்.டி.எல். 38, இன்னொரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு 180. அதே வரிசையில் போன வருடம் எடுத்ததில் 152, 84, 36, 160. போன வாரம் எடுத்ததில் 118, 62, 28, 140.

ரிப்போர்ட்டைக் கொடுத்தவர், "கொழுப்பு சூப்பராகக் குறைந்திருக்கிறது, சந்தோஷமாகப் போங்கள்" என்றார். சித்தப்பா இனிப்பு வாங்கி வந்தார். எனக்கு மட்டும் மனது ஒப்பவில்லை. அன்று சாயங்காலம் அப்பா திண்ணையில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார். கல்யாண மோதிரம் விரலிலிருந்து தானாகக் கழன்று வலைக்குள் விழுந்தது. அவர் ஒன்றும் பேசாமல் எடுத்து, நைலான் நூலை மோதிரத்தில் நாலு சுற்றுச் சுற்றி மறுபடி போட்டுக்கொண்டார். தோள் எலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது. ஆனால் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தினால் குழி விழுகிறது. பத்து எண்ணும் வரை அந்தக் குழி நிரம்பவில்லை.

போன வருடம் 68 கிலோ இருந்தார். இப்போது 59.

பம்பிங் குறைவாக இருப்பவர்களுக்குக் கொழுப்பு குறைவது ஆபத்து என்று எங்கோ படித்தேன். அப்படியானால் கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிடலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மூக்கையூர்_வல்லம்

கொழுப்பு குறைந்தால் நல்லதுதானே தங்கச்சி? எங்கள் ஊரில் எல்லோரும் குறைக்கத்தான் படாத பாடு படுகிறார்கள். எனக்கும் 230 இருக்கிறது.

கீழக்கரை_காக்கா

தங்கச்சி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன்.

உம்மாவுக்கும் ஸ்டென்ட் வைத்திருந்தது. கொழுப்பு மாத்திரை மூளையைக் கெடுக்கும், கொழுப்பு குறைந்தால் ஆயுள் குறையும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. சொந்தக்காரர் ஒருவர் அதை உம்மாவுக்கு வாசித்தும் காட்டினார். உம்மா எங்களிடம் சொல்லாமலே மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். அலமாரியில் துணிக்கு அடியில் முழு அட்டைகளாக அடுக்கி வைத்திருந்ததை அப்புறம்தான் பார்த்தோம். ஐந்தாவது மாதம் இரண்டாவது அட்டாக் வந்தது. மாத்திரையை நிறுத்தியதுதான் காரணம் என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை. ஆனால், "நிறுத்தாமல் இருந்திருந்தால் வாய்ப்பு குறைவாக இருந்திருக்கும்" என்றார். அந்த அட்டாக்குக்குப் பிறகுதான் உம்மாவுக்கும் பம்பிங் குறைந்தது.

என்ன செய்தாலும் டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

மண்டபம்_லேப்

ரத்தம் எடுக்கிறவன் என்ற முறையில் சில விஷயங்கள். எண்ணை நம்புவதற்கு முன்னால் அது எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும்.

முதலாவது, பெரும்பாலான இடங்களில் எல்.டி.எல்.லை நேரடியாக அளப்பதில்லை. மொத்தக் கொழுப்பு, எச்.டி.எல்., டிரைகிளிசரைடு மூன்றையும் அளந்து, மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லையும் டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துவிடுவோம். ஃப்ரீட்வால்ட் என்பவர் 1972-ல் கொடுத்த சூத்திரம் இது. உங்கள் ரிப்போர்ட்டையே பாருங்கள். 118-ல் 28 கழித்து, 140-ல் ஐந்தில் ஒரு பங்கான இன்னொரு 28-ஐயும் கழித்தால் 62. கச்சிதமாக வருகிறது, ஆகவே உங்களுடையதும் கணக்குப் போட்ட எண்தான். டிரைகிளிசரைடு 400-க்கு மேல் போனால் இந்தக் கணக்கு உதவாது. எல்.டி.எல். ரொம்பக் கீழே இருக்கும்போதும் உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும்.

இரண்டாவது, படுத்த நிலையில் எடுத்தார்களா, உட்கார்ந்த நிலையிலா? இதைப் பலரும் கேட்பதே இல்லை. மனிதன் நிற்கும்போது ரத்தத்தின் நீர்ப்பகுதி கொஞ்சம் திசுக்களுக்குள் இறங்கும், படுத்தால் திரும்பி ஏறும். வெறும் இருபது நிமிடம் படுத்திருந்தாலே கொழுப்பின் அளவு பத்து சதவீதம் வரை குறைந்து தெரியலாம். வார்டில் படுக்கையில் எடுத்ததையும் லேபில் நாற்காலியில் எடுத்ததையும் நான் ஒப்பிடவே மாட்டேன்.

மூன்றாவது, கால் வீங்கியிருக்கும்போது எடுத்தார்களா? உடம்பில் நீர் தேங்கியிருந்தால் ரத்தமும் நீர்த்துப்போகும். நீர் வடிந்தபின் எடுத்தால் எண் ஏறி வரும். அது கொழுப்பு கூடியதால் அல்ல.

வெறும் வயிற்றில் வந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இப்போது தளர்ந்துவிட்டது. சாப்பிட்டு வந்தால் டிரைகிளிசரைடுதான் ஏறும், மற்றவை பெரிதாக மாறாது. நீர் மாத்திரை எடுக்கும் வயதானவர்களைப் பட்டினியாக வெயிலில் வரிசையில் நிறுத்துவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும்.

தங்கச்சிமடம்_மகள்

நன்றி அண்ணா. மூன்றுமே ஒரே லேப்தான், மூன்று தடவையும் நாற்காலியில் உட்கார வைத்துத்தான் எடுத்தார்கள். ஆனால் போன வாரம் கால் வீங்கியிருந்தது. முந்தைய இரண்டு தடவையும் வீக்கம் இல்லை. மாத்திரையின் அளவு இந்த இரண்டு வருடத்தில் மாறவே இல்லை.

தேவிபட்டினம்_டாக்டர்

நான் இதய நிபுணர் அல்ல, பொது மருத்துவம் பார்க்கிறவன். உங்கள் அப்பாவைப் பார்க்காமல் எழுதுகிறேன். ஆகவே இதை அவருடைய டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு வார்த்தையைப் பற்றி. பம்பிங் குறைந்த இந்த நோயை 'இதயச் செயலிழப்பு' என்று எழுதுகிறார்கள். அதைக் கேட்டதுமே நோயாளி எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார். இதயம் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது, தளர்ந்திருக்கிறது. நான் 'இதயத் தளர்ச்சி' என்றுதான் சொல்வேன்.

நம் பக்கத்தில் இது சீக்கிரமே வருகிறது. திருவனந்தபுரத்தில் 2013-ல் 18 மருத்துவமனைகளில் 1205 நோயாளிகளைப் பதிவு செய்தார்கள். சராசரி வயது 61. நூற்றுக்கு 72 பேருக்கு மாரடைப்பு, ரத்தக்குழாய் அடைப்பு வழியாக வந்த தளர்ச்சி. மேல்நாட்டுப் பதிவேடுகள் பலவற்றில் சராசரி வயது எழுபதைத் தாண்டும். உங்கள் அப்பாவின் கதையும் அப்படியே இதில் பொருந்துகிறது.

இனி கொழுப்பு. கொழுப்பு தண்ணீரில் கரையாது, ரத்தமோ பெரும்பகுதி தண்ணீர். அதனால் கொழுப்பு தனியாக மிதந்து போக முடியாது, அதற்கு வல்லம் வேண்டும். கொழுப்பும் புரதமும் சேர்த்துக் கட்டிய அந்த வல்லம்தான் லிப்போபுரோட்டீன். ஈரல்தான் முக்கியமான படகுத்துறை. அங்கிருந்து டிரைகிளிசரைடை ஏற்றிக்கொண்டு பெரிய வல்லங்கள் கிளம்பும். தசையிலும் கொழுப்புத் திசுவிலும் சரக்கை இறக்க இறக்கச் சிறுத்து, கடைசியில் எல்.டி.எல். ஆகும். இந்த ஒவ்வொரு வல்லத்திலும் அப்போ-பி என்ற புரதம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும், ஒரு வல்லத்துக்கு ஒரு சுக்கான் மாதிரி. எச்.டி.எல். வேறு வகை. அதன் உடல் அப்போ-ஏ-1 என்ற புரதம். திசுக்களில் மிஞ்சிய கொழுப்பை ஈரலுக்குத் திருப்பிக் கொண்டுவருவது அதன் வேலைகளில் ஒன்று. நம் ரிப்போர்ட்டில் வருவது வல்லங்களின் எண்ணிக்கை அல்ல, அவற்றில் இருக்கும் சரக்கின் எடை மட்டும்தான்.

இதயம் தளர்ந்தால் என்ன ஆகும்? உள்ளே வரும் ரத்தத்தை முழுதாக முன்னே தள்ள முடியாமல் பின்னால் தேங்கும். ஈரல் வீங்கும். அதாவது வல்லம் கட்டுகிற துறையிலேயே வெள்ளம். குடல் சுவரும் வீங்கும். நாலு கவளத்திலேயே வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், சாப்பிட்டதும் ஒழுங்காக உடம்பில் சேராது. கூடவே உடம்பு முழுவதும் ஓர் அழற்சி கனன்றுகொண்டிருக்கும். அந்த அழற்சி பசியை அடக்கும், தசையைக் கரைக்கும், எச்.டி.எல்.லையும் குறைக்கும். இப்படித்தான் கொழுப்பு எண்கள் இறங்குகின்றன. எண் இறங்கியதால் நோய் முற்றுவதில்லை. நோய் முற்றுவதால் எண் இறங்குகிறது. நீங்கள் படித்த செய்தியில் இந்த வரிசைதான் தலைகீழாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

இது அனுமானம் மட்டும் அல்ல. கலிபோர்னியாவில் முற்றிய தளர்ச்சி உள்ள 1134 பேரைப் பார்த்து 2002-ல் வெளியிட்ட ஆய்வில், கொழுப்பு குறைவாக இருந்தவர்களே அதிகம் இறந்திருந்தார்கள். இதற்கு 2000-ம் ஆண்டிலேயே ஐரோப்பிய ஆராய்ச்சியாளர்கள் ஒரு கருதுகோள் சொன்னார்கள். வீங்கிய குடல் சுவர் வழியாகப் பாக்டீரியாவின் நச்சு ரத்தத்துக்குள் கசிகிறது, லிப்போபுரோட்டீன்கள் அதைச் சுற்றிப் பிடித்து அடக்குகின்றன, அவை குறைந்தால் நச்சு அவிழ்த்துவிட்டது போல் ஆகும் என்பது அது. அழகான கருத்து, ஆனால் இன்றும் கருதுகோள்தான். இதை நம்பி யாரும் நெய்யை அள்ளிக் குடிக்கக் கூடாது.

உங்கள் மூன்று ரிப்போர்ட்டையும் வரிசையாகப் பாருங்கள். எல்.டி.எல். 140-லிருந்து 84-க்கு இறங்கியது மாத்திரையின் வேலை, அது வேண்டிய இறக்கம். 84-லிருந்து 62-க்கு இறங்கியது அதே மாத்திரை, அதே அளவில். அதோடு எச்.டி.எல். 36-லிருந்து 28 ஆகியிருக்கிறது. இந்த மாத்திரை எச்.டி.எல்.லைக் குறைக்காது, ஏற்றினால் சற்று ஏற்றும். ஆகவே இரண்டாவது இறக்கத்துக்கு மாத்திரையைக் காரணமாகச் சொல்ல முடியாது. லேப் தம்பி சொன்ன மாதிரி நீர்த்துப்போனதில் ஒரு பங்கு இருக்கலாம். மீதி அந்த மோதிரம் கழன்ற விஷயத்தோடு சேர்ந்தது.

எடைதான் எனக்குப் பெரிய கவலை. 68-ல் 9 கிலோ போவது 13 சதவீதம். அதுவும் காலில் நீர் இருக்கும்போதே. நீரைக் கழித்தால் உண்மையான இழப்பு இன்னும் அதிகம். தளர்ச்சியால் வரும் உடல் மெலிவு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் காசநோய், சர்க்கரை, தைராய்டு, புற்றுநோய் எதையும் பார்க்காமல் பழியை இதயத்தின் மேல் போட்டுவிடக் கூடாது. ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம், தைராய்டு, சர்க்கரை, சிறுநீரக அளவுகள், மார்பு எக்ஸ்ரே இவற்றைக் கேளுங்கள். அடுத்த மாதத் தேதி வரை காத்திருக்காமல் இந்த வாரமே போங்கள்.

சாயல்குடி_வாசகர்

டாக்டர், ஒரு இடம் இடிக்கிறது. கொழுப்பு குறைந்தவர்கள் அதிகம் இறக்கிறார்கள் என்கிறீர்கள். மாத்திரை கொழுப்பைக் குறைக்கிறது. அப்படியானால் தளர்ந்த இதயத்துக்கு அந்த மாத்திரை கெடுதல்தானே? கேட்பவர்கள் இப்படித்தான் கேட்பார்கள்.

தேவிபட்டினம்_டாக்டர்

நியாயமான கேள்வி. இதைப் பலர் கேட்டதால்தான் இரண்டு பெரிய சோதனைகளே நடந்தன.

கொரோனா என்று ஒன்று. நோயின் பெயர் அல்ல, 2007-ல் முடிவு வெளியான ஒரு மருந்துச் சோதனையின் பெயர். மாரடைப்பு வழியாக வந்த தளர்ச்சி உள்ள, 60 வயதைத் தாண்டிய 5011 பேரில் பாதிப் பேருக்கு உங்கள் அப்பா எடுக்கும் மாத்திரையின் வகையைச் சேர்ந்த ரோசுவாஸ்டாட்டின் 10 மில்லிகிராம், மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. எல்.டி.எல். ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆனால் இதய மரணம், மாரடைப்பு, பக்கவாதம் மூன்றையும் சேர்த்துப் பார்த்ததில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. ஆஸ்பத்திரியில் சேர்வது மட்டும் குறைந்தது. அடுத்த வருடம் இத்தாலியில் அதே மாத்திரையை வைத்து ஜிஸ்ஸி-எச்.எஃப். என்ற சோதனை, 4574 பேர். அதிலும் உயிர் காத்ததில் வித்தியாசம் இல்லை.

இதில் இரண்டு விஷயம் தெரிகிறது. மாத்திரையால் எல்.டி.எல். பாதியானபோதும் இறப்பு கூடவில்லை. ஆகவே மாத்திரையால் வரும் குறைவும் நோயால் வரும் குறைவும் ஒன்றல்ல. அதே சமயம், தளர்ச்சி ஒன்றுக்காகவே புதிதாக இந்த மாத்திரையைத் தொடங்குவதில் பெரிய லாபமும் இல்லை. அதனால்தான் தளர்ச்சி மட்டும் இருந்து வேறு காரணம் இல்லாதவருக்கு இதை வழக்கமாகத் தொடங்குவதில்லை. ஸ்டென்ட் வைத்தவருக்கு அது ஸ்டென்டுக்காகவும் மற்றக் குழாய்களுக்காகவும் தொடர்கிறது. உடம்பு ரொம்ப மெலிந்து போனால் அளவைக் குறைப்பதா என்று அவருடைய டாக்டர் யோசிக்கலாம். அது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து எடுக்க வேண்டிய முடிவு.

மூக்கையூர்_வல்லம்

சரி டாக்டர் ஐயா, மீன் சாப்பிட்டால் நல்லது என்கிறார்களே? சாளை, சூடை எல்லாம் எங்களுக்கு அன்றாடம் கிடைக்கிறது. மீன்பிடித் தடைக்காலத்தில் கருவாடு.

ஏர்வாடி_நர்ஸ்

இதற்கு நான் சொல்கிறேன் அண்ணே, தினமும் வார்டில் நான் மாரடிக்கிற விஷயம் இது.

மீன் நல்லது. கருவாடுதான் வில்லங்கம். அதே இத்தாலியச் சோதனையின் இன்னொரு பகுதியில் 6975 பேருக்குத் தினம் ஒரு கிராம் மீன் எண்ணெய்ச் சத்து மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய நான்கு வருடத்தில் மாத்திரை எடுத்தவர்களில் 27 சதவீதமும் எடுக்காதவர்களில் 29 சதவீதமும் இறந்திருந்தார்கள். சின்ன லாபம், ஆனால் லாபம். அதற்காக மீன் எண்ணெய் மாத்திரையை நீங்களாக வாங்கி விழுங்க வேண்டாம். அளவு கூடினால் இதயத்துடிப்பு தாறுமாறாகிற சிக்கல் இருக்கிறது. சாளைக் குழம்பு போதும், உப்பைக் குறைத்து வைத்தால்.

கருவாட்டில் உப்புதான் பாதுகாப்பே. அது உடம்புக்குள் போனால் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும், சந்தையில் மீன் அருகி விலை ஏறும், வீட்டுக்கு வீடு நெத்திலிக் கருவாடு. அந்த இரண்டு மாதம் எங்கள் வார்டில் கால் வீக்கமும் மூச்சு இளைப்புமாக வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "நேற்று என்ன குழம்பு?" என்பதுதான். ஊறுகாய், அப்பளம் கணக்கும் அதோடு சேர்த்தி. ஊறவைத்து இரண்டு தண்ணீர் மாற்றினால் உப்பு போய்விடும் என்பார்கள். கொஞ்சம் போகும், எல்லாம் போகாது.

தங்கச்சிமடம் தங்கச்சிக்கு: அப்பாவைத் தினமும் காலையில் எடை பாருங்கள். எழுந்து சிறுநீர் கழித்தபின், சாப்பிடும் முன், ஒரே மாதிரி உடையில். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை அல்ல, தண்ணீர். அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். ஒரே வேளையில் நிறையச் சாப்பிடச் சொல்லாதீர்கள். ஐந்தாறு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். முட்டை, மீன், பருப்பு என்று ஒவ்வொரு வேளையும் ஏதாவது புரதம் இருக்கட்டும்.

கீழக்கரை_காக்கா

நோன்பு நாட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சேர்க்கிறேன். உம்மா பிடிவாதமாக நோன்பு வைத்துக்கொண்டு, நீர் மாத்திரையை சஹருக்கும் இஃப்தாருக்கும் தாங்களாகவே மாற்றிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் தலை சுற்றி விழுந்தார்கள். நோயாளிக்கு மார்க்கத்திலேயே சலுகை இருக்கிறது. வைக்கத்தான் வேண்டும் என்றால் ஒரு மாதம் முன்னாலேயே டாக்டரிடம் கேளுங்கள்.

தங்கச்சிமடம்_மகள்

பதினோரு வாரம் கழித்து எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னியுங்கள்.

நீங்கள் சொன்ன அந்த வாரமே போனோம். ஆல்புமின் 2.9 இருந்தது. தைராய்டு, சர்க்கரை, எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை எல்லாம் சரியாக இருந்தன. நீர் மாத்திரையைக் கூட்டினார்கள், இன்னொரு புது மாத்திரை சேர்த்தார்கள். கொழுப்பு மாத்திரை தொடர்கிறது.

வீட்டில் எடை மிஷின் கிடையாது. மீன் ஏலம் போடும் இடத்தில் மின் தராசு இருக்கிறதே, அதில்தான் தினமும் காலை ஆறு மணிக்கு அப்பாவை ஏற்றுகிறோம். நண்டுக் கூடையை இறக்கிவிட்டு, பலகையை ஒரு தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, "ஏறுங்க மாமா" என்பான் தராசுக்காரத் தம்பி. முதல் பத்து நாளில் 59-லிருந்து 54.5-க்கு வந்துவிட்டார். டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தும் நான் அழுதுவிட்டேன். அவ்வளவும் தண்ணீர், அதற்கு அடியில் அப்பா இவ்வளவுதான் இருந்திருக்கிறார். அப்புறம் மெல்ல ஏறியது. காலில் வீக்கம் இல்லாமலே இன்றைக்கு 56.8.

நேற்று லிப்பிட் எடுத்தோம். மொத்தம் 137, எச்.டி.எல். 33, டிரைகிளிசரைடு 150, எல்.டி.எல். 74. சித்தப்பா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "கொழுப்பு ஏறிவிட்டதே" என்று பதறுகிறார்.

மண்டபம்_லேப்

அதில் நீர் வடிந்ததால் ஏறியது எவ்வளவு, உடம்பு தேறியதால் ஏறியது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது தங்கச்சி. ஆனால் எச்.டி.எல்.லும் சேர்ந்து ஏறியிருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. அடுத்த தடவையும் அதே லேப், அதே நாற்காலி.

தேவிபட்டினம்_டாக்டர்

சித்தப்பாவிடம் 74 ஏற்றம்தான், ஆனால் பயப்பட வேண்டிய ஏற்றம் அல்ல என்று சொல்லுங்கள். ஸ்டென்ட் வைத்தவருக்கு இன்னும் கீழே கொண்டுபோக வேண்டுமா என்று அவருடைய டாக்டர் பார்ப்பார், அது அடுத்த கட்டம். ஆல்புமினை மறுபடி பார்த்தார்களா? சாப்பாடு எப்படி?

தங்கச்சிமடம்_மகள்

ஆல்புமின் 3.4. நேற்று ராத்திரி இரண்டு இட்லியும் சாளைக் குழம்பும் சாப்பிட்டுவிட்டு, மூன்றாவது இட்லி கேட்டார். மோதிரத்தில் சுற்றிய நூலில் இரண்டு சுற்று எடுத்துவிட்டோம், இன்னும் இரண்டு இருக்கிறது.